கல் மாதிரி ஒரு கட்டி: மயிர்க்கால் கட்டிக்கு டாக்டர், டெஸ்ட், பில் எல்லாவற்றுக்கும் ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு இடது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. தலை சீவி விடும்போது சீப்பு தட்டியது. அங்கிருந்து பத்து மாதம், ஆறு டாக்டர்கள், இரண்டு முறை கத்தி. ஒரே தடவையில், அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. கட்டி எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதைத் தவறான வரிசையில் கையாண்டதுதான் எங்களைப் படுத்தியது.

அவளுக்கு இருந்ததன் பெயர் பைலோமேட்ரிகோமா. முடி வளரும் வேரில் இருக்கிற செல்கள் ஓரிடத்தில் சேர்ந்து, சுண்ணாம்பு படிந்து, தோலுக்கு அடியில் கல் போல் உருண்டு நிற்கும். புற்றுநோய் அல்ல. இதே குடும்பத்தில் டிரைக்கோஎபிதீலியோமா, டிரைக்கோஃபாலிகுலோமா, டிரைக்கிலெம்மோமா என்று வாயில் நுழையாத பெயர்களில் இன்னும் சில உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே 'மயிர்க்கால் கட்டி' என்றே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு அம்மா. சிகிச்சை முடிவை உங்கள் டாக்டர்தான் எடுக்க வேண்டும். எந்த வரிசையில் போவது, எந்தக் காகிதத்தை விடாமல் வாங்குவது என்பதை மட்டும் நான் சொல்லித் தர முடியும்.

1. கை வைக்கும் முன் படம் எடுங்கள்

ஒரு ரூபாய் நாணயத்தைக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மாதம் ஒரு முறை இதையே செய்யுங்கள். "எப்போதிலிருந்து இருக்கிறது, வளர்கிறதா?" என்று ஒவ்வொரு டாக்டரும் கேட்பார். "ஒரு மூணு நாலு மாசமா இருக்கும் சார்" என்று நாங்கள் இழுத்த பதில் யாருக்கும் உதவவில்லை.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை: தொட்டால் ரப்பர் போல் இருக்கிறதா, கல் போல் இருக்கிறதா? தோலோடு ஒட்டி, அடியில் நகர்கிறதா? மேலே நீலமோ சிவப்போ நிறம் தெரிகிறதா? பைலோமேட்ரிகோமா பெரும்பாலும் கல் போல் இருக்கும், தோலோடு ஒட்டியிருக்கும், அடியில் இருக்கும் தசையோடு ஒட்டாது. முகம், கழுத்து, கையின் மேல்பகுதி ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். அதிகமாகப் பார்ப்பது இருபது வயதுக்கு உட்பட்டவர்களிடம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வராது, அங்கே முடியே இல்லையே.

சில நாட்களிலேயே மளமளவென்று பெருத்தால், மேலே புண்ணாகி ரத்தம் கசிந்தால், அசையாமல் அடியோடு பிடித்துக்கொண்டு நின்றால், பக்கத்தில் நெறி கட்டியிருந்தால், அல்லது வயதானவருக்குப் புதிதாக வந்திருந்தால், மாதாமாதம் படம் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த வாரமே போங்கள். இந்தக் கட்டியிலேயே புற்றாக மாறும் வகை ஒன்று உண்டு. மிக அரிது. ஆனால் இல்லாமலில்லை.

2. சுண்ணாம்பு தடவாதீர்கள், கீறவும் விடாதீர்கள்

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், முதல் நாளே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவினார். "கொழுப்புக் கட்டிதான் கண்ணு, பழுத்து உடைஞ்சிரும்" என்றார். நான்காம் நாள் தோல்தான் வெந்து உரிந்தது. எருக்கம்பால் வைக்கச் சொன்னவர்களும் உண்டு, நல்லவேளை அது வரை போகவில்லை. இந்தக் கட்டி பழுக்காது. உள்ளே இருப்பது சீழ் அல்ல.

அடுத்து நடந்தது அதைவிடப் பெரிய தப்பு. தோல் சிவந்திருப்பதைப் பார்த்த பக்கத்துத் தெரு கிளினிக்கில் சீழ்க்கட்டி என்று முடிவு செய்து, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். குறையவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டுக் கீறினார்கள். சீழ் வரவில்லை. சிலேட்டுக் குச்சியைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்தது போல வெள்ளையாக, நறநறவென்று ஏதோ வந்தது. "பாருங்க, எல்லாம் வந்துருச்சு" என்று பஞ்சில் துடைத்துச் சிவப்பு வாளியில் போட்டுவிட்டார்கள். 2,500 ரூபாய். பில் இல்லை, சீட்டு இல்லை, எடுத்தது என்ன என்று ஒரு வரி கூட இல்லை.

ஆறு மாதத்தில் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாக, தழும்புக்கு அடியிலேயே வந்து உட்கார்ந்தது. முழுசாக எடுக்காமல் பாதியில் விட்டால் இப்படித் திரும்பி வரும். சுற்றிலும் இருக்கும் உறையோடு, தேவைப்பட்டால் ஒட்டியிருக்கும் கொஞ்சம் தோலோடு சேர்த்து முழுதாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அபூர்வம்.

பொறி இதுதான்: "சின்னதுதான், பயாப்ஸி எல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் இடத்தில் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உடம்பிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியும் லேபுக்குப் போக வேண்டும். இதை வாய்விட்டு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. யாரிடம் போவது?

முதலில் தோல் டாக்டர். பிறகு கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். குழந்தைக்கு என்றால் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர். முகத்தில் என்றால் பிளாஸ்டிக் சர்ஜன். இமை, புருவம் என்றால் அதற்கென்று இருக்கும் கண் பிளாஸ்டிக் சர்ஜன். காதுக்கு முன்னால் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அங்கேதான் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது, முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள்ளாகப் போகிறது.

நாங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த டாக்டர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். மகளை உட்கார வைத்து, ஆள்காட்டி விரலால் கட்டியின் ஒரு முனையை மெதுவாக அழுத்தினார். மறுமுனை தோலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது, பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை மாதிரி. பிறகு இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்தார். கூடாரத் துணிக்கு அடியில் குச்சி முட்டுவது போல் மூலை மூலையாகத் தெரிந்தது. "இது அநேகமா பைலோமேட்ரிகோமாம்மா. எடுத்துப் பார்த்தால்தான் உறுதி" என்றார். மொத்தம் இரண்டு நிமிடம். அதற்கு முன் பார்த்த யாரும் கட்டியை இப்படித் தொட்டுப் பார்க்கவே இல்லை.

அரசு மருத்துவமனைக்குப் போக முடிந்தால் போங்கள். தமிழ்நாட்டில் ஓ.பி. சீட்டுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு, அறுவை சிகிச்சைப் பிரிவு, திசுவைப் பார்க்கும் நோய்க்குறியியல் துறை மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கும். சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. பணம் மிச்சம். நேரம்தான் செலவு: காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும், ஆபரேஷன் தேதி தள்ளிப் போகலாம். அவசரமில்லாத கட்டிக்கு அது ஒரு குறையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

4. ஸ்கேன்: அல்ட்ராசவுண்ட் போதும்

எங்களுக்கு ஆனது 1,400 ரூபாய். கட்டி தோலுக்கு அடியில்தான் இருக்கிறதா, சுரப்பிக்குள் போயிருக்கிறதா, உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சுண்ணாம்பு இருந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழும். ரிப்போர்ட்டில் 'கால்சிஃபிகேஷன்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், எங்கள் கதையில் அது நல்ல செய்தி. எம்.ஆர்.ஐ. எல்லாருக்கும் தேவைப்படாது. யாராவது எழுதிக் கொடுத்தால், எதைத் தெரிந்துகொள்ள என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் எடுங்கள்.

ஸ்கேன் எடுப்பவரிடம், அங்கே முன்பே ஒரு தடவை கீறியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை.

5. ஊசிப் பரிசோதனையில் வரும் கலவரம்

எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை உறிஞ்சிப் பார்ப்பது. எங்களுக்கு 1,200 ரூபாய், மறுநாள் ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டைப் படித்த இரவு நானும் என் கணவரும் தூங்கவில்லை. 'புற்று இல்லை என்று சொல்ல முடியாது, உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம்' என்ற பொருளில் எழுதியிருந்தார்கள்.

பிறகுதான் தெரிந்தது, இந்தக் கட்டியில் இப்படி நடப்பது புதிதல்ல. பைலோமேட்ரிகோமாவில் இரண்டு வகை செல்கள் இருக்கும். ஒன்று, கரு பெரிதாக, கருநீலமாக, நெருக்கமாக அடைந்திருப்பது. இன்னொன்று, கரு இருந்த இடம் வெறும் வெள்ளையாகி, ஓரம் மட்டும் மிச்சமிருக்கும் 'நிழல் செல்'. ஊசியில் முதல் வகை மட்டும் வந்து மாட்டினால், பார்ப்பவருக்குப் புற்றுநோய் போலவே தெரியும். அதனால் ஊசி ரிப்போர்ட்டை முடிவாக எடுத்துக்கொண்டு பெரிய ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். கண்ணாடி ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, வேறொரு நோய்க்குறியியல் டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் 1,500 ரூபாய் கொடுத்துக் காட்டினோம். அவர் அதே ஸ்லைடின் ஓரத்தில் கிடந்த நிழல் செல்களைக் கண்டுபிடித்தார்.

அதேபோல், ஊசியில் 'ஒன்றுமில்லை' என்று வந்ததும் கட்டியை மறந்துவிடவும் கூடாது. முழுசாக எடுத்த கட்டியின் பயாப்ஸிதான் கடைசி வார்த்தை.

6. ஒரு கட்டி இல்லை, முகம் முழுக்க என்றால்

இது என் மகளின் கதை அல்ல. காத்திருப்பு அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவரின் கதை. மூக்கைச் சுற்றியும் நெற்றியிலும் தோல் நிறத்திலேயே கடுகு கடுகாகக் கட்டிகள். அவருடைய அம்மாவுக்கும் இருந்ததாம். பதினைந்து வருடமாக 'மரு' என்று நினைத்து, பியூட்டி பார்லரில் சுட்டுச் சுட்டு எடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் திரும்ப வந்திருக்கிறது. அவருக்கு இருந்தது டிரைக்கோஎபிதீலியோமா.

கட்டி ஒன்றே ஒன்றா, பலவா என்ற கேள்வி இந்த விஷயத்தில் ரொம்ப முக்கியம். ஒன்று என்றால் எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பல என்றால் அது குடும்பத்தில் ஓடும் ஒரு ஜீன் மாற்றத்தின் வெளி அடையாளமாக இருக்கலாம், சில நேரம் தோலைத் தாண்டியும் பார்க்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்கத் தோதாகச் சொல்கிறேன்:

மூக்கைச் சுற்றிப் பல டிரைக்கோஎபிதீலியோமா இருந்தால், சி.ஒய்.எல்.டி. என்ற ஜீனில் மாற்றம் இருக்கலாம். இதே ஜீனால் தலையில் உருண்டை உருண்டையாக வேறு வகைக் கட்டிகளும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

முகத்திலும் கழுத்திலும் வெள்ளை வெள்ளையாகச் சிறு கட்டிகள், அதுவும் இருபது முப்பது வயதுக்கு மேல் வந்து, பயாப்ஸியில் ஃபைப்ரோஃபாலிகுலோமா என்று இருந்தால், பர்ட்-ஹாக்-டுபே என்ற நிலையா என்று கேளுங்கள். இவர்களுக்கு நுரையீரலில் காற்றுப் பைகள் உண்டாகி, திடீரென்று நுரையீரல் சுருங்கிப்போகலாம், சிறுநீரகத்தில் கட்டி வரலாம். வீட்டில் யாருக்காவது 'நெஞ்சில் காற்று புகுந்து' குழாய் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பல டிரைக்கிலெம்மோமா என்றால் கௌடன் என்ற நிலையாக இருக்கலாம். இதில் மார்பகம், தைராய்டு, கருப்பை முதலியவற்றைக் கண்காணிக்க வேண்டும்.

பைலோமேட்ரிகோமாவே ஐந்தாறுக்கு மேல் இருந்தால், தசை சம்பந்தப்பட்ட மயோடானிக் டிஸ்ட்ரோஃபி, குடலில் பாலிப் என்ற சதை வளர்ச்சிகள் நிறைய வரும் கார்ட்னர் நிலை ஆகியவற்றை டாக்டர் மனதில் வைத்துக்கொள்வார். கையை இறுக மூடினால் சட்டென்று விரிக்க வரவில்லையா, குடும்பத்தில் இளவயதில் குடல் புற்றுநோய் உண்டா என்று கேட்பார். சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள்.

சிகிச்சையில் இங்கே ஒரு எச்சரிக்கை. பல சிறு கட்டிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க முடியாது, அதனால் கார்பன் டை ஆக்சைடு லேசர், மின்சாரத்தால் சுடுவது, தோலைச் சீவுவது என்று செய்வார்கள். முகம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நிரந்தரமில்லை, சில வருடங்களில் மெல்லத் திரும்பும். தொகுப்பாக இத்தனை தடவை என்று மொத்தப் பணமும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். முதலில் ஒரு சிறு இடத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நம் மாநிறத் தோலில் லேசருக்குப் பிறகு கறுப்பு படிவது சகஜம்.

லேசருக்கு முன்னால் ஒரு கட்டியையாவது பயாப்ஸி செய்ய வேண்டும். லேசர் திசுவை ஆவியாக்கிவிடும், பிறகு லேபுக்கு அனுப்ப எதுவும் மிச்சமிருக்காது. டிரைக்கோஎபிதீலியோமாவும் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றும் மைக்ரோஸ்கோப்பிலேயே குழப்பும் அளவுக்கு ஒன்று போல் இருக்கும். அதிலும் கன்னத்தில் நடுவில் குழிவாக, ஓரம் வளையம் போல் தூக்கலாக ஒரே ஒரு கட்டி என்றால், மேலாகச் சீவி எடுத்த துணுக்கு போதாது, ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் லேப் சிறப்புச் சாயப் பரிசோதனை கேட்கும். அதற்குத் தனிக் கட்டணம், கூடுதலாகச் சில நாட்கள்.

டிரைக்கோஃபாலிகுலோமா மட்டும் பார்த்தவுடன் சந்தேகம் வரும்படி இருக்கும்: சின்னக் கட்டி, நடுவில் ஒரு துளை, அதிலிருந்து பஞ்சு போல் மெல்லிய முடிக்கொத்து. ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எடுத்தால் தீர்ந்தது.

7. ஆபரேஷன் தேதியைக் குறிக்கும் முன்

அவசரமில்லை என்று டாக்டர் சொன்னதும் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிவைத்தோம். மார்ச் 20 ஊசிப் பரிசோதனை, மே 2 ஆபரேஷன். அது எங்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பத்தாவது படியில் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும், அரை மணி முதல் ஒரு மணி நேரம், நடந்தே வீட்டுக்குப் போகலாம். சின்னக் குழந்தைக்கு முகத்தில் என்றால் அசையாமல் இருக்க முழு மயக்கம் தேவைப்படும். ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் சம்மதம் இரண்டும் வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிவிடுவார்கள். அதனால் முந்தின இரண்டு வாரம் ஐஸ்கிரீம் யுத்தம் நடத்த வேண்டியிருக்கும்.

பட்டினி நேரத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பொதுவாகத் திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை தரலாம். உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்லும் கணக்கு வேறாக இருந்தால் அதுதான் கணக்கு. பாட்டி பாவம் பார்த்துக் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டில் அன்றைய ஆபரேஷனே நின்றுபோகும்.

கையில் இருக்க வேண்டியவை: குழந்தையின் ஆதார், காப்பீட்டு அட்டை, இதுவரை எழுதிய எல்லாச் சீட்டுகளும் தேதி வாரியாக, ஸ்கேன் ரிப்போர்ட், ஊசி ரிப்போர்ட்டும் ஸ்லைடுகளும், மொபைலில் இருக்கும் படங்கள், மருந்து ஒவ்வாமை இருந்தால் அதன் பெயர்.

பெயரையும் சரிபாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், காப்பீட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆஸ்பத்திரியில் இனிஷியல் முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்று ஆள். அட்மிஷன் கவுண்டரிலேயே காப்பீட்டு அட்டையில் இருக்கிறபடி எழுதச் சொல்லுங்கள்.

8. ஆபரேஷன் அன்று பாட்டிலைப் பாருங்கள்

மகளை உள்ளே அழைத்துப்போய் ஐம்பது நிமிடத்தில் சிஸ்டர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலோடு வெளியே வந்தார். அவரைக்காயின் உள்ளே இருக்கும் விதை அளவுக்கு, மஞ்சளும் வெள்ளையுமாக ஒன்று அடியில் கிடந்தது. இதற்கா பத்து மாதம் என்று இருந்தது.

பாட்டிலில் ஊற்றியிருப்பது திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின்தானா என்று கேளுங்கள். உப்புநீரில் போட்டால் திசு கெட்டுப்போகும். திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். லேபிளில் பெயர், வயது, கட்டி எடுத்த இடம் (இடது, வலது உட்பட), தேதி. கூடவே போகும் படிவத்தில் முன்பு கீறியது, ஊசி எடுத்தது, ஸ்கேனில் சுண்ணாம்பு தெரிந்தது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பல இடங்களில் பாட்டிலை நம் கையில்தான் கொடுத்து லேபில் சேர்க்கச் சொல்வார்கள். அன்றே சேருங்கள், ரசீது வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.

9. ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது?

ஐந்து நாளில் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது. கட்டி கல் போல் இருந்தால் அப்படியே மெல்லிய ஏடாகச் சீவ முடியாது. சுண்ணாம்பைக் கரைய வைத்துத்தான் சீவுவார்கள், அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். தாமதத்துக்குக் காரணம் கெட்ட செய்தி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் தேடுங்கள்: கட்டியின் பெயர், புற்றுத்தன்மை இல்லை என்ற வரி, ஓரங்கள் முழுசாக எடுக்கப்பட்டதா என்ற குறிப்பு. மூன்றாவது இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். பிறகு மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருக்கும் திசு, அதன் பெயர் பிளாக். அந்த பிளாக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால், வேறு ஊரில் காட்ட வேண்டுமென்றால், அதிலிருந்துதான் புது ஸ்லைடு போடுவார்கள்.

10. பணம், காப்பீடு

எங்கள் கணக்கு இது. உங்கள் ஊரில், உங்கள் ஆஸ்பத்திரியில் வேறாக இருக்கும். தோல் டாக்டர் 600, ஸ்கேன் 1,400, ஊசி 1,200, ஸ்லைடு மறுபார்வை 1,500, முழு மயக்கத்தோடு ஆபரேஷன் 42,000, பயாப்ஸி 1,800, கட்டு மாற்றி தையல் பிரித்தது 800. கிளினிக்கில் வீணாய்ப் போன 2,500-ஐயும் சேர்த்தால் 51,800.

என் கணவரின் ஆபீஸ் பாலிசியில் கேட்டோம். முதல் பதில்: நிராகரிப்பு. காரணம், டிஸ்சார்ஜ் சம்மரியில் 'முக அழகு கருதி' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அழகுக்கான சிகிச்சை என்றால் பாலிசி தராது. சர்ஜனிடம் போய், கட்டி திரும்ப வந்தது, ஊசிப் பரிசோதனையில் சந்தேகம் இருந்தது, அதனால் மருத்துவக் காரணத்துக்காகவே எடுத்தோம் என்று கடிதம் வாங்கி, பயாப்ஸி ரிப்போர்ட்டோடு மறுபடி அனுப்பினோம். மூன்று வாரத்தில் 36,500 வந்தது. கையுறை, பஞ்சு வகையறாவைக் கழித்துக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போதே நின்று படியுங்கள், கையெழுத்தான பிறகு மாற்றுவது பெரும்பாடு.

24 மணி நேரம் படுக்காவிட்டாலும் டே கேர் என்ற பிரிவில் ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்கும். மரத்துப்போகும் ஊசியோடு ஓ.பி.யிலேயே முடித்தால் பல பாலிசிகளில் கிடைக்காது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அப்புறம் அந்தத் தேதி விஷயம்: எங்கள் பாலிசி அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவைத்தான் தரும். மார்ச் 20-க்கும் மே 2-க்கும் இடையே 43 நாள். ஸ்கேன், ஊசி, டாக்டர் ஃபீஸ் எல்லாம் எங்கள் தலையில். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்துவிட்டு டெஸ்ட் தேதியையும் ஆபரேஷன் தேதியையும் குறியுங்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்தில் அட்டை எடுக்கலாம். ஆனால் எல்லாச் சின்ன ஆபரேஷனும் அதன் பட்டியலில் இருக்காது. ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் திட்ட அலுவலரிடம், அட்மிட் ஆகும் முன் கேளுங்கள்.

11. தையல், தழும்பு, பிறகு

முகத்தில் தையலை ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரிப்பார்கள், கையில் என்றால் பத்து நாளுக்கு மேல் ஆகும். எங்களுக்கு ஆறாம் நாள். அதுவரை நனைக்க வேண்டாம் என்றார்கள். காதுக்குப் பக்கத்தில் நனையாமல் எட்டு வயதுப் பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றுவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. பிரிக்கும் வரை ஊற்றாமல் விட்டதுதான் நான் கண்ட வழி.

புண் முழுசாக ஆறிய பிறகு வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தழும்பு கறுத்துப்போகும். சிலிகான் ஜெல்லை டாக்டர் சொன்னால் மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். குடும்பத்தில் தழும்பு தடித்துப் புடைக்கும் வாகு இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள். கட்டி தோளிலோ மார்பிலோ என்றால் எடுக்கவே வேண்டுமா என்ற கேள்விக்கே பதில் மாறலாம்.

மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று காட்டச் சொன்னார்கள். மகளின் தழும்பு இப்போது கடுக்கனுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு. முதல் கிளினிக்கின் கீறல்தான் அதற்குக் குறுக்கே இன்னும் கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது.